இனிக் குனிய முடியாது

அந்த அம்மா என் அறைக்குள் வந்ததும் முதலில் செய்த காரியம், இரண்டு முழங்கைகளையும் என் மேசைமேல் ஊன்றிக்கொண்டதுதான். நாற்காலி பக்கத்திலேயே கிடந்தது. உட்காரவில்லை. நின்றபடியே முழங்கைகளில் பாரத்தை இறக்கி, கண்ணை மட்டும் மேலே உருட்டி என்னைப் பார்த்தார்.

"ஒக்காந்தா எந்திரிக்கச் செரமம் தம்பி. இப்பிடியே பேசுறேன்."

எக்ஸ்ரே உறையைப் பிரிக்கும் முன்பே அவர் முழங்கைகளைப் பார்த்துவிட்டேன். தோல் கறுத்து, தடித்து, காய்ப்புக் காய்த்திருந்தது. சமையல் மேடையில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு மறுகையால் குழம்பைக் கிண்டிக் கிண்டி வந்த காய்ப்பு. நாற்பது வருடம் நடவும் களையெடுப்பும் பார்த்தவர். வயலில் குனிந்தே உழைத்த முதுகில், நிமிர்த்திப் பிடிக்கும் பின்தசைகள் நலிந்துபோகும். இடுப்பில் இருக்க வேண்டிய உள்வளைவும் தட்டையாகிவிடும். ஜப்பானிய மருத்துவர் டாக்கேமிட்சுவும் அவர் குழுவினரும் 1988இல் இந்தக் கூனைத் தனி வகையாக விவரித்தார்கள். கொரிய மருத்துவர்கள் முழங்கைக் காய்ப்பையும் அதன் அடையாளங்களில் ஒன்றாகச் சேர்த்தார்கள். அங்கேயும் நெல் வயல்கள்தான்.

காலையில் எழுந்ததும் கொஞ்ச நேரம் நிமிர்ந்து நிற்பார். நாலு வீடு தள்ளி நடப்பதற்குள் உடம்பு முன்னால் மடங்கத் தொடங்கிவிடும். தெருக்கோடி போவதற்குள் இரண்டு கைகளும் தொடைமேல் வந்துவிடும். அவருக்கு வயது 67.

கூட வந்த மகன் கொத்தனார். நின்ற நிலையில் தலை முதல் தொடை வரை எடுத்த பக்கவாட்டுப் படத்தை விளக்குப் பெட்டியில் மாட்டி, கழுத்தின் ஏழாவது எலும்பிலிருந்து நேர்கீழே ஒரு கோடு இழுத்தேன். அந்தக் கோடு இடுப்புக்கு அடியில் உள்ள திரிகத்தின் பின்முனையை ஒட்டி விழ வேண்டும். 5 சென்டிமீட்டருக்கு மேல் முன்னால் தள்ளிப்போனால் தொந்தரவு ஆரம்பம். அவருக்கு 14. மகன் என் கையிலிருந்த பென்சிலையும் கோட்டையும் பார்த்துவிட்டு, "தூக்குக்குண்டு விட்டுப் பாக்குறீங்க. செவரு தூக்குல இல்ல, அதான சார்?" என்றார். அதற்கு மேல் நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

பிரெஞ்சு அறுவை நிபுணர் ழான் டுபூசே இதையே ஒரு கூம்பாகச் சொன்னார். பாதம் கூம்பின் நுனி. தலையும் உடம்பும் அந்தக் கூம்புக்குள் இருக்கும்வரை நிற்பதற்குச் செலவாகும் சக்தி மிகக் குறைவு. வெளியே சாயச் சாய, நிற்பதே பெரிய உழைப்பாகிவிடும். தலையில் தண்ணீர்க் குடம் வைத்து நடந்த பெண்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

அந்த அம்மா கேட்டது வேறு. "எங்க ஊருக்குப் பக்கந்தான் திருவேடகம். வைகைக் கரையில சம்பந்தரு பாடுனதும் கூன்பாண்டியனுக்கு முதுகு நிமிந்துருச்சாம்ல. நீங்க கம்பி வச்சு நிமித்திருவீங்களா?"

பாண்டியன் நிமிர்ந்து நின்றசீர் நெடுமாறன் ஆனான். நிமிர்ந்த பிறகும் அவனுக்குக் குனிய முடிந்திருக்கும். என் கையால் நிமிர்கிறவர்களுக்கு அது முடியாது. இதை நான் அன்று உடனே சொன்னேன். உடனே சொல்ல வேண்டும் என்பதை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் வேறொருவர்.

ஏறக்குறைய இருபது வருடத்துக்கு முந்தைய கதை. நான் முதுகெலும்பு அறுவையில் தனியாகக் கை வைக்க ஆரம்பித்து ஐந்தாறு வருடம் ஆகியிருக்கும். ஒரு பள்ளி ஆசிரியை வந்தார். வயது 54. இடுப்புப் பகுதியில் பக்கவாட்டு வளைவு. அமெரிக்க மருத்துவர் ஜான் காப் 1948இல் வகுத்த கோண அளவின்படி 58 டிகிரி. பத்து நிமிடம் கரும்பலகை முன்னால் நிற்க முடியவில்லை என்றார். கீழ்மார்பிலிருந்து இடுப்பெலும்பு வரை ஸ்க்ரூ போட்டு, இரண்டு பக்கமும் ராடு பூட்டி, எலும்புகளை ஒன்றோடொன்று ஒட்ட வைத்தேன். ஒன்பது மணி நேரம் ஆயிற்று. 58 டிகிரி 19 ஆனது. அந்தப் படங்களை ஒரு மாநாட்டில் திரையிட்டபோது கைதட்டினார்கள். பெருமையாக இருந்தது.

ஒரு வருடம் கழித்து அவர் தனியாக வந்தார். கதவைச் சாத்தச் சொன்னார். வலி எப்படி என்று கேட்டேன். "வலி முக்கால்வாசி போயிருச்சு சார். அதுல நான் குறை சொல்ல மாட்டேன்" என்றார். பிறகு மடியில் கைகளைக் கோத்துக்கொண்டு வரிசையாகச் சொன்னார். கால் நகம் வெட்ட முடியவில்லை. மெட்டி போட முடியவில்லை. வாசலில் கோலம் நின்றுபோயிற்று. அம்மா இறந்த வீட்டில் எல்லோரும் தரையில் கட்டிப்பிடித்து அழ, அவர் மட்டும் பிளாஸ்டிக் நாற்காலியில் விருந்தாளி மாதிரி உட்கார்ந்திருந்தார். கடைசியாகச் சொன்னதைத் தலையைத் திருப்பிக்கொண்டு சொன்னார். கழிவறையில் தன்னைத் தானே சுத்தம் செய்துகொள்ளக் கை எட்டவில்லை. முதல் நாலு மாதம் மகள் செய்தாள்.

"இத நீங்க சொல்லவே இல்லையே சார்."

அவர் குரலில் கோபம் இல்லை. அன்று மாலை அவருடைய பழைய கோப்பை எடுத்துப் பார்த்தேன். என் கையெழுத்தில் ஒரு வரி இருந்தது. அசைவு ஓரளவு குறையும் என்று எடுத்துச் சொல்லப்பட்டது. அதன் கீழே அவர் கையெழுத்து. சட்டப்படி நான் சொல்லியிருந்தேன்.

எங்கள் பயிற்சியில் நிமிர்த்துவது என்பதே பாடமாக இருந்தது. டெக்சாஸின் பால் ஹாரிங்டன் உருவாக்கிய ராடு 1960களில் உலகம் முழுவதும் பரவியது. முன்பக்கப் படத்தில் முதுகு நேராகத் தெரிந்தது. ஆனால் இழுத்து நீட்டியதில் இடுப்பின் உள்வளைவு தட்டையாகி, அந்த ராடு போட்ட பிள்ளைகளில் பலர் நடுத்தர வயதில் முன்னால் சாய்ந்து நடந்தார்கள். பக்கவாட்டுப் படத்தைப் பார்க்க அவர்கள்தான் எங்களுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். ஆசிரியை அதற்கும் அடுத்த பாடத்தைக் கற்றுக்கொடுத்தார். படத்தில் எதுவுமே தெரியாத இடம் ஒன்று இருக்கிறது. அது அவர் வீடு.

நோயாளியின் நிலையை அளக்க எங்களிடம் கேள்வித்தாள்கள் உண்டு. ஆஸ்வெஸ்ட்ரி படிவத்தில் பத்துப் பகுதிகள். முதுகு வளைவை ஆராயும் ஸ்கோலியோசிஸ் சங்கத்தின் படிவத்தில் 22 கேள்விகள். நாற்காலியில் எவ்வளவு நேரம் உட்கார முடிகிறது என்று ஆஸ்வெஸ்ட்ரி கேட்கும். பந்தியில் சம்மணம் போட முடிகிறதா என்று கேட்காது. நம் ஊரில் வாழ்க்கையின் பாதி தரையில் நடக்கிறது. அரிவாள்மணை, அம்மி, முறத்தில் அரிசி, குழந்தையைக் காலில் போட்டுக் குளிப்பாட்டுவது, சாமி முன்னால் விழுவது எல்லாம் தரைதான். முதுகின் கீழ்ப்பாதியை இடுப்போடு பூட்டிவிட்டால், அதற்குப் பிறகு குனிவது இடுப்பு மூட்டிலும் முழங்காலிலும் மட்டும்தான். 67 வயது முழங்கால் எவ்வளவு மடங்கும்?

அதன்பின் நான் கேட்கும் முதல் கேள்வி மாறியது. "எங்கே வலிக்கிறது?" என்பதற்குப் பதிலாக, "காலையில் கண் விழித்ததிலிருந்து ராத்திரி படுக்கும்வரை என்னென்ன செய்வீர்கள், ஒன்று விடாமல் சொல்லுங்கள்" என்று கேட்க ஆரம்பித்தேன். அரை மணி நேரம் ஆகும். வெளியே வரிசை நிற்கும். நின்றுவிட்டுப் போகட்டும். இது மாரடைப்பு மாதிரி இன்றே முடிவெடுக்க வேண்டிய விஷயம் இல்லை. காலோ சிறுநீரோ திடீரென்று கைவிடும் சிலரைத் தவிர, மற்றவர்களுக்கு யோசிக்க நேரம் இருக்கிறது.

அந்த நேரத்தைக் கொடுப்பதே சிலருக்குச் சிகிச்சை ஆகிவிடுகிறது. 42 வயதில் ஒரு பெண் வந்தார். சிறுவயதிலிருந்தே முதுகு வளைவு. யாரோ ஒருவர், இப்போதே அறுவை செய்யாவிட்டால் ஐம்பதில் படுத்த படுக்கைதான் என்று சொல்லியிருக்கிறார். நகையை அடகு வைத்துப் பணத்தோடு வந்திருந்தார். தேதி கேட்டு வந்தவருக்குத் தேதி கொடுப்பது எளிது. நான் அயோவா ஆய்வைப் பற்றிச் சொன்னேன். இளவயதில் வளைவு வந்து, சிகிச்சையே செய்துகொள்ளாத 117 பேரை ஐம்பது வருடம் கழித்துப் பார்த்த ஆய்வு அது, 2003இல் வெளிவந்தது. மற்றவர்களைவிட அவர்களுக்கு முதுகுவலி அதிகம் இருந்தது. ஆனாலும் பெரும்பாலோர் வேலை பார்த்து, குடும்பம் நடத்தி, நடமாடிக்கொண்டுதான் இருந்தார்கள். "அப்போ நான் படுத்துற மாட்டேனா?" என்று மூன்று முறை கேட்டார். மாட்டீர்கள் என்று மூன்று முறை சொன்னேன். இன்றுவரை அவர் அறுவை செய்துகொள்ளவில்லை. பிசியோதெரபிஸ்டிடம் கற்றுக்கொண்ட பயிற்சிகளைச் செய்கிறார். வருடத்துக்கு ஒரு படம் எடுத்துப் பார்க்கிறோம்.

என் மேசையில் முழங்கை ஊன்றிய அந்தக் கொடிக்கால் அம்மாவின் நிலை அப்படி இல்லை. (அடையாளம் தெரியாமலிருக்கச் சிலவற்றை மாற்றித்தான் சொல்கிறேன். கொடிக்கால் மட்டும் உண்மை. வயல் வேலை முடியாமல் போனபின், வெற்றிலை எண்ணிக் கவுளி அடுக்கும் கூலிக்குப் போய்க்கொண்டிருந்தார்.) பயிற்சி, மாத்திரை, முதுகில் ஊசி எல்லாம் பார்த்தாகிவிட்டது. நாளுக்கு நாள் மடங்கிக்கொண்டே போனார்.

மகன்கள் இருவரும் அவருக்குப் பதிலாகப் பேசினார்கள். பணம் ஏற்பாடு செய்துவிடலாம், நல்லபடியாக நடக்க வைத்துவிடுங்கள் என்றார்கள். பாசத்தில் சொன்னதுதான். அவர்களை வெளியே காத்திருக்கச் சொல்லிவிட்டுக் கேட்டேன்: "உங்களுக்கு என்ன வேணும்மா?"

கொஞ்ச நேரம் பேசவில்லை. "ஆளு மொகத்தப் பாத்துப் பேசி எத்தன வருசமாச்சு தம்பி. எல்லாரு காலையும் பாத்துத்தான் இன்னாருன்னு தெரிஞ்சுக்கிறேன்" என்றார். பிறகு, "படுக்கையில கெடந்து மருமக கையால கழுவுற நெலம மட்டும் வந்துரக்கூடாது" என்றார்.

இரண்டும் ஒன்றுக்கொன்று எதிராக நின்றன. முகம் பார்க்க வேண்டுமானால் நிமிர்த்த வேண்டும். நிமிர்த்தினால், அவர் எதற்குப் பயந்தாரோ அதில் ஒரு பங்கு கொஞ்ச காலத்துக்காவது வரக்கூடும். நான் அதை அப்படியே சொன்னேன்.

ஆபத்தைச் சொல்ல என் மேசையில் ஒரு டப்பா நிறையப் புளியங்கொட்டை வைத்திருக்கிறேன். எங்கள் வார்டு சிஸ்டர் சொன்ன யோசனை. சதவீதம் என்று சொன்னால் தலையாட்டுகிறார்கள், கொட்டையாக எண்ணிப் பரப்பினால் பார்க்கிறார்கள். மகன்களையும் உள்ளே கூப்பிட்டு, இருபது கொட்டைகளை மேசைமேல் வைத்தேன். 2016இல் வெளிவந்த ஓர் ஆய்வில், இந்த மாதிரிக் கடினமான முதுகு நிமிர்த்தும் அறுவை செய்துகொண்ட 272 பேரைப் பல நாட்டு மையங்களில் பின்தொடர்ந்தார்கள். வீட்டுக்குப் போகும் நாளில், ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குக் காலில் பலம் முன்பைவிடக் குறைந்திருந்தது. ஆறு மாதத்தில் அந்த எண்ணிக்கை பாதியானது. நாலு கொட்டைகளைத் தள்ளி வைத்தேன். பிறகு அதில் இரண்டைத் திருப்பிக் கூட்டத்தில் சேர்த்தேன். மீதி இரண்டு தனியாகக் கிடந்தன. அந்த அம்மா அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ராடு முறியலாம். கம்பி முடியும் இடத்துக்கு மேலே புதுக் கூன் விழலாம். மறுபடி திறக்க வேண்டி வரலாம். சர்க்கரை இருப்பதால் புண் ஆறச் சுணங்கலாம். டெக்ஸா ஸ்கேனில் எலும்பின் அடர்த்தி அளவு மைனஸ் 3.1 என்று வந்தது. மைனஸ் 2.5க்குக் கீழே போனாலே எலும்புப்புரை. இதைக் கொத்தனார் மகனிடம் சொல்ல எனக்குச் சிரமமே இருக்கவில்லை. "உப்பு அரிச்ச செவத்துல போல்ட்டு நிக்காது சார். மொதல்ல செவரத் தேத்தணும்" என்றார். தினமும் வயிற்றில் போட்டுக்கொள்ளும் டெரிபாரடைடு ஊசியைத் தொடங்கினோம். எலும்பைத் தேற்றவும் சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவரவும் ஏழு மாதம். அந்த ஏழு மாதமும் வீணில்லை என்று நினைக்கிறேன். முடிவு அதற்குள்தான் ஊறியது.

அதில் இரண்டு வாரம் அவருக்கு ஒரு விறைப்பான பிரேஸ் மாட்டிவிட்டோம். மார்பிலிருந்து இடுப்புவரை பிளாஸ்டிக் சட்டம். அறுவைக்குப் பிந்தைய முதுகு அச்சாக அப்படித்தான் இருக்கும் என்று சொல்ல முடியாது. ஆனாலும் குனிய முடியாத வாழ்க்கையை வீட்டிலேயே வாழ்ந்து பார்க்க எனக்குத் தெரிந்து வேறு வழி இல்லை. எட்டாம் வகுப்பு படிக்கும் பேத்தியை ஒரு நோட்டில் எழுதச் சொன்னேன். அந்த நோட்டை இன்னும் மறக்க முடியவில்லை. பள்ளி நோட்டில் கோடு போட்டு, நேரம், வேலை, முடிந்ததா என்று மூன்று கட்டம் பிரித்திருந்தாள். காலை ஆறு மணி, கக்கூஸ், முடியவில்லை. ஏழு மணி, பல் விளக்கியது, முடிந்தது. எட்டு மணி, கீழே விழுந்த கரண்டி, நான் எடுத்துக் கொடுத்தேன். பதினோரு மணி, வெற்றிலை அடுக்கியது, முடியவில்லை, அழுதார்கள். ஒன்பதாம் நாள் பக்கத்தில், பெஞ்சுமேல் வைத்து அடுக்கியது, முடிந்தது. மகன் இடுப்பு உயரத்துக்கு ஒரு பெஞ்சு அடித்திருந்தார்.

வீட்டில் வெஸ்டர்ன் கழிவறையும் கையில் பிடிக்கிற ஸ்ப்ரே குழாயும் போட்டு, அதை நோயாளி பயன்படுத்திப் பார்த்த பிறகுதான் நான் அறுவைக்குத் தேதி குறிக்கிறேன். சக மருத்துவர்களில் சிலருக்கு இது அதிகப்படியாகத் தெரிகிறது. எனக்கு ரத்தப் பரிசோதனையைவிட இது குறைந்ததாகத் தோன்றவில்லை.

கடைசிக் கட்டத்தில் ஒருவரைச் சந்திக்கச் சொல்வேன். அந்த ஆசிரியைதான். பணி ஓய்வு பெற்றுவிட்டார். அன்று என்னிடம் கேட்ட கேள்விக்குப் பிறகு, இரண்டொரு வருடம் கழித்து, "முடிவெடுக்க முடியாம யாராவது தவிச்சா என்னைக் கூப்பிடுங்க சார், நான் சொல்றேன்" என்று அவரே சொன்னார். அதிலிருந்து வருகிறார். செய்துகொள் என்றும் சொல்வதில்லை, வேண்டாம் என்றும் சொல்வதில்லை. கதவைச் சாத்திக்கொண்டு பெண்கள் இருவரும் பேசுவார்கள். நான் வெளியே இருப்பேன். என்னிடம் கேட்கக் கூசுவதையெல்லாம் அவரிடம் கேட்கிறார்கள் என்று மட்டும் தெரியும். நீளக் கைப்பிடி வைத்த கரண்டியால் புடவைக் கொசுவத்தை எப்படி இழுத்துவிடுவது என்று ஒருமுறை சிஸ்டருக்கும் செய்து காட்டியிருக்கிறார்.

கொடிக்கால் அம்மா அன்று முக்கால் மணி நேரம் உள்ளே இருந்தார். நடுவில் ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது. வெளியே வந்ததும் வழக்கம்போல என் மேசையில் முழங்கைகளை ஊன்றினார்.

"செஞ்சுக்கிறேன் தம்பி. ஆனா மாசி சிவராத்திரி முடியட்டும். கொலசாமிக்கு முன்னாடி நெடுஞ்சாண் கெடையா விழுந்து கும்பிட்டு வந்துர்றேன். அதுக்கப்பறம் விழ முடியாதுல்ல."

மகன்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நாட்காட்டியில் பங்குனி மாதத்தில் ஒரு நாளைக் குறித்தேன்.

அறுவை பத்து மணி நேரத்துக்கு மேல் நீண்டது. இடுப்பு முள்ளெலும்பு ஒன்றிலிருந்து ஆப்பு வடிவில் எலும்பை வெட்டியெடுத்து மூட வேண்டியிருந்தது. அப்படி ஓர் இடத்தில் செய்தால் ஏறக்குறைய 30 டிகிரி வளைவு திரும்பக் கிடைக்கும். நரம்பைக் கண்காணிக்கும் கருவி ஒருமுறை எச்சரித்தது. கையை நிறுத்தி, ரத்த அழுத்தத்தை உயர்த்தி, வெட்டிய இடத்தை இன்னும் அகலப்படுத்திக் காத்திருந்தோம். சமிக்ஞை திரும்பியது. முழுதாகத் திரும்பவில்லை.

மறுநாள் இடது பாதத்தை அவரால் மேலே தூக்க முடியவில்லை. நான் கட்டிலருகே நின்றேன். இந்த இடத்தில் என்ன சொல்வது என்று எத்தனை வருடம் ஆனாலும் எனக்குப் பழகவில்லை. அவரே கேட்டார்.

"தள்ளி வச்ச அந்த நாலு கொட்டையில ஒண்ணு நானா தம்பி?"

"ஆமாம்மா."

"அப்ப திரும்பச் சேத்த ரெண்டுல வர்றேனான்னு பாப்போம்" என்று சொல்லிவிட்டு, கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்தச் சொன்னார். சிஸ்டர் உயர்த்தினார். அவர் என் முகத்தைப் பார்த்தார். கண்ணை உருட்டாமல், நேராக. பிறகு மகனை. பிறகு சிஸ்டரை. "நீ இம்புட்டுச் சின்னப் பிள்ளையா?" என்று சிஸ்டரிடம் கேட்டார்.

பாதத்துக்கு பிளாஸ்டிக் சப்போர்ட் போட்டு நடக்க வைத்தோம். ஐந்தாவது மாதம் கட்டைவிரல் அசைந்தது. ஒரு வருடத்தில் பாதம் பெரும்பாலும் திரும்பிவிட்டது. படியேறும்போது மட்டும் இன்னும் கொஞ்சம் இழுக்கிறது. முதல் மூன்று மாதம் மருமகள்தான் கழுவிவிட்டார். அதை அவர் என்னிடம் சொன்னபோது கண் கலங்கியது. மருமகளும் பக்கத்தில்தான் நின்றிருந்தார், ஒன்றும் சொல்லாமல் மாமியாரின் முந்தானையைச் சரிசெய்துவிட்டார்.

மூன்று வருடம் ஆகிறது. கவுளி அடுக்கப் பெஞ்சு இருக்கிறது. தரையில் உட்கார்ந்து அவர் பார்த்த கூலியில் பாதிதான் வருகிறது என்றார். முழங்கைக் காய்ப்பு இளகிவிட்டது. இந்த வருடம் மாசி சிவராத்திரிக்குக் குலசாமி கோயிலுக்குப் போயிருக்கிறார்கள். எல்லோரும் விழுந்து கும்பிட, இவர் மட்டும் கைகூப்பி நின்றாராம். சாமி முகத்தை முதல்தடவையாக அவ்வளவு நேரம் பார்த்தாராம். பேத்தி தனக்கு ஒருமுறையும் பாட்டிக்கு ஒருமுறையும் என்று இரண்டு தடவை விழுந்து எழுந்தாளாம்.